மாமனார் அனுப்பும் பொம்மைக்கு என்ன பொருள்?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். புதிய வேலை கிடைத்த செய்தியைக் குடியாத்தத்தில் இருக்கும் மாமனாருக்கு வாட்ஸப்பில் பத்து வரிக்குக் குறையாமல் எழுதி அனுப்பினீர்கள். பதிலாக ஒரே ஒரு கட்டைவிரல் வந்தது. மறுநாள் சம்பளம், ஷிப்டு நேரம் எல்லாம் எழுதி "உங்களுக்குச் சம்மதம்தானே மாமா" என்று கேட்டபோது, லேசாகச் சிரிக்கும் மஞ்சள் முகம் ஒன்று மட்டும் வந்தது. சில நாள் கழித்துப் பேரணாம்பட்டில் அவருடைய பங்காளி முறை அண்ணன் இறந்த செய்தி குடும்பக் குழுவில் வர, அதன் கீழே அவர் கண்ணீர் தெறிக்கச் சிரிக்கும் முகத்தை மூன்று முறை போட்டார். இளையவர்கள் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தங்களுக்குள் சுற்றவிட்டார்கள். விஷயம் அவர் காதுக்குப் போக, குழுவை விட்டே வெளியேறிவிட்டார். இந்தப் படங்களுக்கு நிலையான பொருள் உண்டா, இதில் யார்மேல் தவறு என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி அகராதியைத் தேடுவதுபோல இருந்தாலும், உங்கள் மனத்தில் உறுத்துவது வேறு என்று நினைக்கிறேன். நீங்கள் வேலைக்குப் போவதில் மாமனாருக்கு மனக்குறை இருக்கிறதா என்பதும், அவமானப்பட்டு ஒதுங்கிவிட்டவரை எப்படித் திரும்ப அழைப்பது என்பதும்தான் உண்மையான கேள்விகள்.

நான் மொழியியல் படித்தவன். வேலூரில் கல்லூரி மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் பாடம் நடத்திவிட்டு, இப்போது சத்துவாச்சாரியில் ஞாயிற்றுக்கிழமைகளில் மூத்தவர்களுக்குக் கைபேசி பழக்கிக்கொடுக்கிறேன். ஆகவே ஒரே படத்துக்கு இருபது வயதுக்காரர் சொல்லும் விளக்கத்தையும் எழுபது வயதுக்காரர் சொல்லும் விளக்கத்தையும் நேரில் கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்திருக்கிறது. உங்கள் மாமனாரை நான் பார்த்ததில்லை. உங்கள் வீட்டுப் பேச்சுவழக்கம் எனக்குத் தெரியாது. அதனால் உறுதியாகச் சொல்லக்கூடியதையும் ஊகத்தையும் கலக்காமல் எழுதப் பார்க்கிறேன். இந்தப் பதிலில் படங்களைப் போடாமல் சொற்களாலேயே அவற்றைக் குறிப்பிடுகிறேன். நான் போடும் படமும் உங்கள் திரையில் தெரியும் படமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பதே காரணம். இந்தக் குழப்பத்தின் ஒரு பாதி அங்கேதான் இருக்கிறது.

நிலையான பொருள் கிடையாது என்பது உறுதி. இன்று நாம் பயன்படுத்தும் எமோஜிகளின் முன்னோடிகளில் புகழ்பெற்ற தொகுப்பு 1999இல் ஜப்பானின் டோகோமோ கைபேசி நிறுவனத்துக்காக ஷிகெடகா குரிடா உருவாக்கிய 176 படங்கள். ஒவ்வொன்றும் நீளவாக்கில் பன்னிரண்டு, குறுக்குவாக்கில் பன்னிரண்டு புள்ளிகளுக்குள் அடங்கியது. ஜப்பானியருக்குப் பழகிய சைகைகளும் அவர்களுடைய சித்திரக்கதை மரபும் அவ்வகைப் படங்களில் ஏறின. 2010இல், எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் எண் கொடுக்கும் உலகப் பொதுப் பட்டியலான யூனிகோடின் ஆறாம் பதிப்பு நூற்றுக்கணக்கான எமோஜிகளைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்ட பிறகே அவை உலகமெங்கும் ஒரு கைபேசியிலிருந்து இன்னொன்றுக்குப் பழுதில்லாமல் போக ஆரம்பித்தன. ஆனால் யூனிகோடு கொடுப்பது ஓர் எண்ணும் ஒரு குறும்பெயரும்தான். எப்படி வரைவது என்பதை அந்தந்த நிறுவனம் முடிவு செய்கிறது. எப்படிப் புரிந்துகொள்வது என்பது பயன்படுத்துகிறவர்கள் பாடு. மூக்கிலிருந்து புகை விடும் முகத்தை நம் ஊரில் யாரைக் கேட்டாலும் கோபம் என்பார்கள். யூனிகோடு பட்டியலில் அதன் பெயரோ வெற்றிப் பெருமிதம் தோன்றும் முகம். பட்டியலில் இருக்கும் பெயரைக் காட்டி "நீ போட்டது தவறு" என்று யாரும் வாதாட முடியாது.

வரையும் விதத்தில் வரும் வேறுபாடும் சாதாரணமானதன்று. கண்ணை மேலே உருட்டிச் சலிப்பைக் காட்டும் முகத்தைச் சாம்சங் கைபேசிகள் 2018 வரை, மேலே பார்த்து மகிழ்ச்சியாகப் புன்னகைப்பதுபோலக் காட்டிக்கொண்டிருந்தன. ஒருவர் சந்தோஷமாக அனுப்பியது இன்னொருவர் திரையில் "போதுமடா சாமி" என்று போய் இறங்கியது. 2016இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பல்லைக் காட்டிச் சிரிக்கும் ஒரு முகத்தை ஆப்பிள் கைபேசியில் பார்த்தவர்கள் சங்கடம் என்றும், மற்ற கைபேசிகளில் பார்த்தவர்கள் மகிழ்ச்சி என்றும் எடுத்துக்கொண்டதைப் பதிவு செய்தார்கள். அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது அந்த ஆய்வின் இன்னொரு முடிவு: ஒரே நிறுவனம் வரைந்த ஒரே படத்தைப் பார்த்தவர்களுக்குள்ளேயே, அது நல்லதா கெட்டதா இரண்டுமில்லையா என்பதில் கால்வாசி நேரம் கருத்து ஒத்துப்போகவில்லை. வாட்ஸப் இப்போது ஆண்ட்ராய்டு கைபேசிகளில் தன் சொந்தப் படங்களையே காட்டுகிறது; ஐபோனில் மட்டும் ஆப்பிளின் படங்கள் தெரிகின்றன. எனவே உங்கள் குடும்பத்தில் யார் எந்தக் கைபேசி வைத்திருக்கிறார்கள் என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் மூன்று படங்களுக்கு வருகிறேன். எனக்குச் சந்தேகமே இல்லாததை முதலில் சொல்லிவிடுகிறேன்: சாவுச் செய்திக்குக் கீழே வந்த அந்தச் சிரிப்பு முகம் அழுகை என்று நினைத்துப் போடப்பட்டது. என் ஞாயிறு வகுப்பில் நான் அடிக்கடி சரிசெய்யும் விஷயம் இதுதான். ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற ஒருவர், நான் விளக்கியபோது ஒப்புக்கொள்ளவே இல்லை. "இன்னா சார், கண்ணுல தண்ணி ஊத்துது, அது அழுவுற பொம்மை இல்லியா?" என்றார். அவர் கைபேசியை வாங்கிப் பார்த்தேன். பேட்டரி தீரக்கூடாது என்று வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருந்தார். எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்திருந்த மகன், விசைப்பலகையில் இருக்கும் படங்கள் அதனால் பெரிதாகாது என்பதைக் கவனிக்கவில்லை. அந்த அளவில் பார்த்தால் சிரிக்கும் முகத்திலும் ஓலமிட்டு அழும் முகத்திலும் தெரிவது மூன்றே விஷயங்கள்: மஞ்சள் வட்டம், திறந்த வாய், நீலத் துளி. சிரிக்கும் முகத்தில் துளிகள் கண்ணோரம் இரண்டு பக்கமும் தெறித்து நிற்கும், கண்கள் வில்போல மேல்நோக்கி வளைந்திருக்கும். அழும் முகத்தில் கண்ணீர் இரண்டு தாரைகளாகக் கன்னத்தில் நேராக இறங்கும். கண்புரைக்கு அறுவை செய்துகொண்ட ஒருவரிடம் இந்த நுணுக்கத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இதில் கருவியின் பங்கும் இருக்கிறது. செய்தியை அழுத்திப் பிடித்தால் மேலே வரிசையாகப் படங்கள் தோன்றுமே, 2022இல் வாட்ஸப் அந்த வசதியைக் கொண்டுவந்தபோது கொடுத்த ஆறு படங்கள் கட்டைவிரல், இதயம், கண்ணீர் தெறிக்கச் சிரிக்கும் முகம், வாய் பிளந்த வியப்பு முகம், ஒரு சொட்டுக் கண்ணீர் விடும் முகம், கூப்பிய கை ஆகியவை. சிரிப்புக்கும் துக்கத்துக்கும் இடையில் ஒரே ஒரு முகம்தான் தடுப்பு. தவிர, எமோஜிப் பலகையைத் திறந்ததும் முதலில் நிற்பது ஒருவர் அண்மையில் பயன்படுத்திய படங்கள். பேரப்பிள்ளையின் குறும்பு வீடியோவுக்கு நேற்றுப் போட்ட முகம் இன்று இழவுச் செய்திக்கு முன்னால் தயாராக வந்து நிற்கும். அவர் மூன்று முறை போட்டார் என்று நீங்கள் எழுதியதை நான் துக்கத்தின் அளவாகவே படிக்கிறேன். கேலி செய்ய நினைப்பவர் சொந்தப் பங்காளி சாவில், அத்தனை உறவினரும் பார்க்கும் இடத்தில் அப்படிச் செய்யமாட்டார். அந்தக் குழுவில் அவர் வயதுக்காரர்கள் வேறு யாராவது அதே படத்தைப் போட்டிருக்கிறார்களா என்று மேலே தள்ளிப் பாருங்கள். இருந்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

கட்டைவிரலைப் பற்றியும் ஓரளவு உறுதியாகவே பேசலாம். இந்தப் படம் இரண்டு வேலை செய்கிறது: "பார்த்துவிட்டேன்" என்று சொல்வது ஒன்று, "சம்மதம்" என்று சொல்வது இன்னொன்று. இரண்டுக்கும் இடையில் எது என்பதை நீதிமன்றம்வரை போய் முடிவு செய்திருக்கிறார்கள். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் 2021இல், தானியம் வாங்கும் நிறுவனம் ஒன்று 86 டன் ஆளிவிதைக்கான ஒப்பந்தத்தைப் படமெடுத்து ஒரு விவசாயிக்கு அனுப்பி, உறுதிப்படுத்தச் சொன்னது. அவர் கட்டைவிரலை அனுப்பினார், விதையை அனுப்பவில்லை. ஒப்பந்தத் தாள் வந்து சேர்ந்தது என்று மட்டுமே சொன்னேன் என்பது அவர் வாதம். 2023இல் நீதிமன்றம் அதை ஏற்காமல், அது கையெழுத்துக்குச் சமம் என்று சொல்லி 82,000 கனடா டாலருக்கு மேல் இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது. அதே படத்தை நம் சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் வேறு விதமாகப் பார்த்தது. ரயில்வே பாதுகாப்புப் படையைச் சேர்ந்த காவலர் ஒருவர், அதிகாரி ஒருவர் கொலையான செய்திக்குக் குழுவில் கட்டைவிரல் போட்டதற்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். கொலையைக் கொண்டாடினார் என்பது குற்றச்சாட்டு. தனக்கு வாட்ஸப் அவ்வளவாகப் பழக்கமில்லை என்று அவர் சொன்னதை ஏற்று, அந்தப் படம் "சரி, பார்த்தேன்" என்பதற்கு ஈடாகவும் வரும், கொண்டாட்டம் ஆகாது என்று நீதிபதிகள் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்கள்.

இரண்டு தீர்ப்பும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவையாக எனக்குத் தெரியவில்லை. கனடா வழக்கில் அந்த விவசாயி முந்தைய ஒப்பந்தங்களுக்கும் இதேபோலச் "சரி", "ஆமாம்" என்று ஒற்றைச் சொல்லில் பதில் அனுப்பி, பிறகு ஒழுங்காக விதையும் கொடுத்திருந்தார். அந்தப் பழக்கத்தை வைத்தே நீதிமன்றம் பொருள் கண்டது. ஆளும் பழக்கமும் தெரியாமல் படத்தை மட்டும் பார்த்துப் பொருள் சொல்லமுடியாது என்பதை மொழியியல் வகுப்பில் நான் சொன்னால் கொட்டாவி விடுகிற மாணவர்கள், இந்த வழக்கைச் சொன்னால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

உங்கள் மாமனாரின் கட்டைவிரல் முன்பு பதிவுத் தபாலோடு வந்த ஒப்புகை அட்டையில் போட்ட கையெழுத்தைப் போன்றது என்று நினைக்கிறேன். உங்களுக்கு அது தேவையற்றதாகத் தோன்றும். செய்தி படிக்கப்பட்டதை நீல நிற டிக் காட்டிவிடுகிறது, அதற்கு மேல் ஒருவர் அனுப்புவது உணர்ச்சியைச் சொல்ல வேண்டும் என்பது உங்கள் தலைமுறையின் கணக்கு. பத்து வரிக்கு ஒரு படம் என்றால் அலட்சியம் என்று மனம் கூட்டிக் கழித்துக்கொள்கிறது. மூத்தவர்களில் பலர் அந்த டிக்கைப் பார்ப்பதே இல்லை. கடிதத்துக்குப் பதில் போடாமல் இருப்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்கள், பதில் போட்டாகிவிட்டது என்ற நிம்மதிக்காகக் கட்டைவிரலை அழுத்துகிறார்கள். தமிழில் தட்டச்சு செய்வது அவர்களுக்கு எவ்வளவு பெரிய வேலை என்பதையும் மறக்கக்கூடாது. "வாழ்த்துகள் அம்மா" என்று எழுத என் வகுப்பில் ஒருவர் ழகரத்தைத் தேடிக் கண்டுபிடித்து, புள்ளி வைத்து, தகரத்தில் தடுமாறி, கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரு பூங்கொத்தை அனுப்பியதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

இதற்கு மேலும் ஒரு காரணம் இருக்கிறது. அதை வெளியூர்க்காரர்கள் எழுதும் எமோஜி விளக்கங்களில் பார்க்க முடியாது. நம் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் மாமனார் மருமகளிடம் நேராக நீளமாகப் பேசும் வழக்கம் இருந்ததில்லை. பாராட்டானாலும் குறையானாலும் மாமியார் வழியாகவோ மகன் வழியாகவோதான் வரும். அப்படி வளர்ந்த ஒருவர் கையில் கைபேசியைக் கொடுத்து மருமகளுக்கு நேரடியாகப் பதில் அனுப்பச் சொன்னால், அவருக்குக் கூச்சமில்லாமல் கிடைக்கும் படங்கள் எத்தனை? சிவப்பு இதயத்தை அவர் கனவிலும் போடமாட்டார். முத்தமிடும் முகம், கட்டிக்கொள்ளும் முகம் பற்றிப் பேச்சே இல்லை. கூப்பிய கையைப் போட்டால் பெரியவர் சின்னவரைக் கும்பிட்டதாகிவிடும், நீங்களே பதறியிருப்பீர்கள். மிச்சம் இருப்பது கட்டைவிரலும் பூவும்தான். அவர் கட்டைவிரலைத் தேர்ந்தெடுத்ததில் குறை காண எனக்கு ஒன்றுமில்லை. உங்களிடம் சொல்லாத சந்தோஷத்தை மாமியாரிடமோ கடைத்தெருவில் சிநேகிதர்களிடமோ சொல்லியிருக்கிறாரா என்று விசாரித்துப் பாருங்கள்.

லேசாகச் சிரிக்கும் அந்த முகம்தான் எனக்குச் சிக்கலாக இருக்கிறது. இங்கே என்னால் உறுதி தரமுடியாது. சிரிப்புக் குறி முதலில் வந்ததே மனத்தாங்கலைத் தவிர்ப்பதற்குத்தான். 1982 செப்டம்பர் 19 அன்று அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஃபால்மன் என்ற கணினி அறிஞர், கணினி அறிவிப்புப் பலகையில் விளையாட்டாக எழுதியதைச் சிலர் மெய்யென்று நம்பிவிடுகிறார்கள் என்பதால், வேடிக்கைக்கு ஓர் அடையாளமாக முக்காற்புள்ளி, கோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்து வைக்கலாம் என்று யோசனை சொன்னார். லிஃப்டில் பாதரசம் கொட்டிவிட்டதாக யாரோ அடித்த கிண்டல் எச்சரிக்கையாகப் பரவியது அதற்குப் பின்னணி. அந்த அடைப்புக்குறிச் சிரிப்பில் பழகிய ஐம்பது, அறுபது வயதுக்காரர்களுக்கு லேசான புன்னகை என்பது புன்னகைதான். 2014இல் இந்த மஞ்சள் முகம் யூனிகோடில் சேர்ந்த பிறகு இளையவர்கள் அதன் வாயைப் பார்க்காமல் கண்ணைப் பார்க்க ஆரம்பித்தார்கள். வாய் மட்டும் வளைந்து, கண் இரண்டும் உணர்ச்சியில்லாத புள்ளிகளாக நிற்பதால் அது பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கும் சிரிப்பு, "சரி, உன் இஷ்டம்" என்று சொல்லும் முகம் என்பது என் மாணவர்கள் பலருடைய கருத்து. கன்னம் சிவந்து கண்ணும் சிரிக்கும் முகம் பக்கத்திலேயே இருக்கும்போது, அதை விட்டு இதை எடுத்தால் ஏதோ உள்ளர்த்தம் இருக்கிறது என்பது அவர்கள் தர்க்கம். தர்க்கத்தில் பிழை இல்லை. ஆனால் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறவருக்கு மட்டுமே அது பொருந்தும்.

எனவே அவருடைய பழைய செய்திகளைப் பாருங்கள். பொங்கலுக்கு, பேத்தியின் பிறந்தநாளுக்கு, உங்கள் கணவர் பணம் அனுப்பியதற்கு, நாத்தனார் ஊருக்கு வருகிறேன் என்றதற்கு அவர் என்ன அனுப்பியிருக்கிறார்? எல்லாவற்றுக்கும் அந்தப் புன்னகைதான் என்றால் உங்கள் வேலைக்கு வந்ததற்கும் தனிப்பொருள் ஏதுமில்லை. மற்றவற்றுக்கெல்லாம் பூவும் கட்டைவிரலும் வந்து, நீங்கள் சம்மதம் கேட்டதற்கு மட்டும் அது வந்திருந்தால், அவர் பதில் சொல்லாமல் நழுவியிருக்கக்கூடும். இரவு ஷிப்டைப் பற்றிய கவலையாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். அதைப் படத்திலிருந்து யாரும் பிழிந்தெடுக்க முடியாது. வாய்விட்டுக் கேட்டால்தான் தெரியும்.

வயது ஒன்றே எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்வதிலும் எனக்கு உடன்பாடில்லை. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து இஸ்லாமியக் குடும்பங்களிலிருந்து வரும் என் மூத்த மாணவர்கள் இரங்கலுக்கு இரண்டு உள்ளங்கையும் விரித்த துஆக் கைகளை அனுப்புவார்கள். சத்துவாச்சாரிக்காரர்கள் கூப்பிய கையை அனுப்புவார்கள். வயது ஒன்று, ஊரும் ஏறக்குறைய ஒன்று, சைகை வேறு. அந்தக் கூப்பிய கையே வணக்கத்துக்கும் வரும், நன்றிக்கும் வரும், சாவுக்கும் வரும், வாக்குவாதம் முற்றும்போது "ஆளை விடுங்க" என்று போடும் பெரிய கும்பிடாகவும் வரும். மண்டையோட்டை இளையவர்கள் சிரித்தே செத்தேன் என்பதற்குப் போடுகிறார்கள். தமிழில் நாமும் அப்படிச் சொல்கிறவர்கள்தான். ஆனாலும் வெள்ளிக்கிழமை காலையில் பேரன் அனுப்பிய மண்டையோட்டைப் பார்த்துத் திருஷ்டி கழித்த பாட்டி என் வகுப்பில் இருக்கிறார். இலவம்பாடி முள் கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அணைக்கட்டுப் பக்கத்து அம்மா ஒருவர் பெருமை தாங்காமல் குடும்பக் குழுவில் ஒரு வரிசை முழுக்கக் கத்தரிக்காயாகப் போட, பேரப்பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்களாம். அந்தக் காய்க்கு இளைஞர் வட்டாரத்தில் இருக்கும் வேறு பொருளை அவரிடம் யாரும் விளக்கவில்லை, நானும் விளக்கப்போவதில்லை. அவர் தாராளமாகக் கத்தரிக்காய் போட்டுக்கொண்டிருக்கட்டும்.

யார்மேல் தவறு என்ற கேள்விக்கு என் தீர்மானத்தை மறைக்காமல் சொல்கிறேன். படத்தை மாற்றிப் போட்டது தவறே ஆகாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சுற்றவிட்டது தவறு. ஒரு படத்துக்குப் பொருள் அதைப் போடுகிறவர் மனத்தில் ஒன்றாகவும் பார்க்கிறவர் மனத்தில் ஒன்றாகவும் இருப்பது மொழியில் அன்றாடம் நடப்பது. ஆனால் இவர் அழுகிறார் என்பது அந்த இளையவர்களுக்கு நிச்சயமாகத் தெரியும். தெரிந்ததால்தான் அது அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. தெரிந்துகொண்டே தெரியாததுபோல நடிப்பதைத் தலைமுறை இடைவெளி என்ற பெயரில் மன்னிக்க எனக்கு மனமில்லை. இதே இளையவர்கள் இன்று போடும் படங்களும் நாளை கேலிக்கு ஆளாகும். கண்ணீர் தெறிக்கச் சிரிக்கும் முகத்தைத்தான் 2015இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியினர் ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தார்கள். சில ஆண்டுகளிலேயே அதை இளையவர்கள் வயதானவர்களின் சிரிப்பு என்று ஒதுக்கிவிட்டார்கள். "இந்தப் படத்துக்கு இதுதான் பொருள்" என்று பட்டியல் போட்டு வரும் கட்டுரைகளை நான் பெரிதாக மதிக்காததற்கும் இதுவே காரணம். அச்சேறி வருவதற்குள் பழசாகிவிடுகின்றன.

செய்யவேண்டியது என்னவென்றால், முதலில் வேலை விஷயத்தையும் குழு விஷயத்தையும் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே பேச்சில் இரண்டையும் எடுத்தால் இரண்டும் கெடும். வேலையைப் பற்றி நீங்களே தொலைபேசியில் பேசலாம். "மாமா, நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே" என்று ஆரம்பித்தால் அது குற்றம்சாட்டுவதுபோல ஆகும். சேரும் தேதியைச் சொல்லி, நல்ல நேரம் பார்த்துச் சொல்லச் சொல்லிக் கேட்டீர்களானால், மனக்குறை இருந்தால் அவர் குரலில் அது தெரிந்துவிடும். இல்லாவிட்டால் பஞ்சாங்கத்தை எடுக்கப் போவார். இனி நீங்களும் பத்து வரி எழுதுவதற்குப் பதில் ஒரு நிமிடக் குரல்பதிவாக அனுப்பிப் பாருங்கள். மைக் அடையாளத்தை அழுத்திப் பிடித்துப் பேசக் கற்றுக்கொண்ட மூத்தவர்கள், அதுவரை கட்டைவிரலோடு நின்றவர்கள், கிணற்றடிக் கதைவரை பேச ஆரம்பித்துவிடுவதை என் வகுப்பில் பார்க்கிறேன்.

குழு விஷயத்தில் நீங்கள் நேராக இறங்கவேண்டாம். மருமகள் வாயால் இந்தப் பேச்சு வருவதே அவருக்குக் கூடுதல் கூச்சமாக இருக்கும். உங்கள் கணவர் ஊருக்குப் போகும்போது, யாரும் இல்லாத நேரத்தில், திரையின் வெளிச்சத்தைக் கூட்டி இரண்டு முகத்தையும் ஒரு காலிச் செய்தியில் தனித்தனியாக அனுப்பிக் காட்டட்டும். வாட்ஸப்பில் ஒரே படத்தைத் தனியாக அனுப்பினால் பெரிதாகத் தெரியும், கண்ணீர் தெறிப்பதும் வழிவதும் வேறுவேறு என்று கண்ணாடி போட்டுப் பார்க்கிறவருக்கும் புரிந்துவிடும். ஒருமுறை போட்ட படத்தை அதன்மேலேயே தட்டி எடுத்துவிடலாம் என்பதையும், அனுப்பிய செய்தியை இரண்டு நாளுக்குச் சற்று மேல்வரை எல்லாருடைய திரையிலிருந்தும் நீக்கலாம் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். திருத்த முடியும் என்று தெரிந்தாலே பயம் பாதி போய்விடும். இரங்கலுக்குக் கூப்பிய கை ஒன்று போதும் என்பது நான் வகுப்பில் சொல்லும் யோசனை. நம் பக்கத்தில் அதைத் தவறாக எடுத்துக்கொள்பவர் அரிது.

பேரணாம்பட்டுக்காரர்களைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. அவர்கள் மனம் நொந்திருப்பார்களோ என்ற அச்சம் மாமனாருக்கு இருக்கலாம். அவர் குழுவை விட்டு வெளியேறியதற்கு இளையவர்களின் கேலியைவிட அதுவே பெரிய காரணமாக இருந்தாலும் இருக்கலாம், இது என் ஊகம். கருமாதி இன்னும் ஆகவில்லை என்றால், அன்று அவர் நேரில் போய் உட்கார்ந்து எழுந்தாலே அந்தப் பேச்சு அடங்கிவிடும். ஸ்கிரீன்ஷாட் எடுத்தவர்களில் மூத்தவர் ஒருவர் அவரிடம் தனியாக வந்து மன்னிப்புக் கேட்பது நல்லது. குழுவில் எல்லார் முன்னாலும் கேட்டால் மறந்தவர்களுக்கும் நினைவூட்டியதாகிவிடும். திரும்பச் சேர்ப்பதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், குடும்பக் குழுவில் இல்லாமலும் மனிதர் சுகமாக இருக்கலாம். சேர்ந்தால், அன்று யாரும் அவரை வரவேற்கிறேன் என்று அந்த முகத்தையே போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளும்படி உங்கள் கணவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.